பகுதி 31: பிளவ் பூட்ட முதல் முன் அச்சை நிறுங்கோ

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஒன்டாரியோவில் இலை கொட்டி முடிந்து, காலையில் கண்ணாடியில் உறைபனி சுரண்டத் தொடங்கிவிட்டோம். கோடையில் எனக்கு வருகிற கேள்வியெல்லாம் ஏசி பற்றியும் பிரேக் பற்றியும்தான். நவம்பர் வந்தால் ஒரே கேள்விதான் வரும்: "அண்ணை, ட்ரக்குக்கு பிளவ் பூட்டினனான். மூக்குப் பதிஞ்சு போச்சு. என்ன ஸ்பிரிங் போட்டால் நிமிரும்?"

இந்தக் கிழமையும் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஏஜக்ஸ் பக்கம் இருக்கிறவர். பழைய அரை டன் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். யாரோ விற்ற 8 அடி பிளவ் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிவிட்டார். 14 வீட்டு ட்ரைவ்வேக்கு ஆட்களிடம் முற்பணமும் வாங்கியாயிற்று. முன்பக்கத்தைத் தூக்கிவிட ஸ்பேசர் வாங்கப் போகிறாராம், எத்தனை அங்குலம் வாங்கலாம் என்பதுதான் கேள்வி. அவருக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு நானே ஒரு காலத்தில் பிழையான பதிலைக் கண்டுபிடித்தவன். அதனால்தான் மைக்குக்கு முன்னால் வந்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். இங்கே பவுண்ட்ஸ் என்று சொல்வதை நான் ஊர்ப் பழக்கத்தில் இறாத்தல் என்றுதான் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னுடைய முதல் பிளவ் ட்ரக் ஒரு முக்கால் டன் வண்டி. முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளமான உருக்குக் கம்பி ஒன்று முறுகி முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். ரோர்ஷன் பார் என்பார்கள். அதற்கு நான் பூட்டியது 900 இறாத்தல் வி-பிளவ். நடுவில் மடிந்து கூராக நிற்குமே, அது. பூட்டியவுடன் மூக்கு ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. ரோர்ஷன் பாரின் பின்முனையில் உயரத்தைச் சரிசெய்கிற போல்ற் ஒன்று பக்கத்துக்கொன்றாக இருக்கும். வீடியோ ஒன்றைப் பார்த்து, ட்ரைவ்வேயில் படுத்திருந்து, இரண்டையும் திருகினேன். அரை மணித்தியால வேலை. மூக்கு நிமிர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் பாருங்கோவன்.

இரண்டாவது குளிர்காலம், பெப்ரவரி மாதம். விடிய நாலு மணியிருக்கும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பார்க்கிங். பக்கத்து சீற்றில் என்னுடைய மச்சான், சவல் பிடிக்க வந்தவன். பிளவ்வைத் தூக்கிக்கொண்டு றிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். டொக் என்று ஒரு சத்தம். வண்டியின் இடதுபக்க மூக்கு அப்படியே நிலத்தில் இருந்தது. இறங்கிப் பார்த்தால் சில்லின் கீழ்ப்பக்கம் வெளியே விரிந்து, சில்லு சரிந்து கிடக்கிறது. கீழ் போல் ஜொயின்ற் கழன்றுவிட்டது. சில்லைத் தாங்குகிற பாகத்தையும் கீழ்க் கையையும் இணைக்கிற குமிழ் அது.

அந்த நேரம் நாங்கள் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். இருபது நிமிசத்துக்கு முதல் 401இல், பாரலொறிகளுக்கு நடுவில், 80இல் வந்தது அதே குமிழை நம்பித்தான். மச்சான் அதன் பிறகு என்னோடு பிளவ் அடிக்க வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது கராஜ் அண்ணை குமிழைக் கையில் எடுத்துப் பார்த்தார். றப்பர் உறை கிழிந்து, உப்புத் தண்ணி உள்ளே போய், கிண்ணம் தேய்ந்து வாய் அகன்றிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "முன் அச்சு எவ்வளவு தாங்கும் எண்டு பாத்தனியோ?" நான் திருகின போல்ற்றைப் பற்றிச் சொன்னேன். "நீ மூக்கை நிமித்தியிருக்கிறாய். பாரத்தைக் குறைக்கேல்லையே" என்றார். நான் இன்றைக்குச் சொல்ல வருகிறது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்குக் கணக்கு.

கணக்கைப் பார்ப்போம். சாரதியின் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டி முழுவதற்குமான உச்ச நிறை ஒன்று இருக்கும், ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று. எங்களுக்கு அதைவிட முக்கியம் அதன் பக்கத்தில் இருக்கிற ஜி.ஏ.டபிள்யூ.ஆர். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. முன் அச்சுக்கு என்று போட்டிருக்கிற இலக்கம்தான் பிளவ்காரருக்குச் சட்டம். என் வண்டியில் அது 4,800 இறாத்தல்.

இனி, 900 இறாத்தல் பிளவ் பூட்டினால் முன் அச்சில் 900 கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் பிழை. ஊரில் துலாக் கிணறு பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். துலாவின் ஒரு முனையில் வாளி, மற்ற முனையில் பாரம். நடுவில் நிற்கிற துலாக்கால் எதைத் தாங்குகிறது? வாளியை மட்டுமா? இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தானே. பிக்கப்பில் முன் அச்சுத்தான் துலாக்கால். பிளவ் அதற்கு முன்னால் அந்தரத்தில் தொங்குகிறது. அது பதியும்போது வண்டியின் பின்பக்கத்தைக் கிளப்பப் பார்க்கும். பின் அச்சு இழக்கிற நிறையும் முன் அச்சின் தலையில்தான் வந்து விழும்.

எவ்வளவு விழும்? பிளவ்வின் பாரம் முன் அச்சிலிருந்து 4 அடி முன்னால் இருக்கிறது என்று வைப்போம். இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 12 அடி. நாலைப் பன்னிரண்டால் பிரித்தால் மூன்றில் ஒன்று. 900இல் மூன்றில் ஒன்று 300. பின் அச்சில் 300 இறாத்தல் குறையும், முன் அச்சில் 1,200 கூடும். நான் இருந்தபடி, பிளவ் இல்லாமல், முன் அச்சு 3,900. கூட்டிப் பாருங்கோ, 5,100. நான் இரண்டு குளிர்காலமாக 300 இறாத்தல் கூடுதலாகத்தான் ஓடியிருக்கிறேன். அதுவும் மச்சானைக் கணக்கில் எடுக்காமல். அவன் ஒரு மெலிந்த ஆளும் இல்லை.

இது வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள நிறை. தூக்கிய பிளவ்வோடு ஒரு குழியில் விழுந்தால் அந்தத் துலா துள்ளும். அந்தத் துள்ளலும் குமிழுக்குத்தான்.

சரி, ஸ்பிரிங் என்ன செய்கிறது? ஸ்பிரிங்கின் பலம் என்பது அதை 1 அங்குலம் அமுக்க எத்தனை இறாத்தல் வேண்டும் என்பதுதான். ஒரு சில்லுப் பக்கம் 400 என்று வையுங்கோ. 1,200 இறாத்தல் கூடினால் பக்கத்துக்கு 600. ஒன்றரை அங்குலம் இறங்கும். ஒன்றரை அங்குல ஸ்பேசர் போட்டால் மூக்கு பழைய இடத்துக்கு வரும், பார்க்க வடிவாக இருக்கும். ஸ்பிரிங்கின் பலம் அதே 400தான். முன் அச்சில் அதே 5,100தான். நான் ரோர்ஷன் பாரைத் திருகியதும் இதே கதை. அதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பிளவ்வைக் கழற்றியவுடன் மூக்கு தேவையை விட உயர நிற்கும். சில்லு கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும். குழியில் விழுந்தால் சஸ்பென்ஷன் மேல் எல்லையில் போய் இடிக்கும். அச்சுக் கம்பிகளின் மூட்டும் போல் ஜொயின்ற்றும் சரிந்த கோணத்தில் வேலை செய்யும். பிறகு ஏன் தேயாது?

அப்போ ஸ்பிரிங் போடவே கூடாதோ என்று கேட்பீங்கள். அப்படி இல்லை. நிறை எல்லைக்குள் இருந்தால், சஸ்பென்ஷனைப் பலப்படுத்துவது நல்ல வேலை. மூக்குப் பதிந்த வண்டியில் ஹெட்லைற் நிலத்தைப் பார்க்கும், பிளவ்வின் அடி ரோட்டில் உரசும், பம்ப் ஸ்டொப்பில் அடித்து அடித்துக் கையெல்லாம் உதறும். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் ஸ்டிக்கரில் இருக்கிற இலக்கம் மாறாது. அந்த இலக்கத்துக்குள் சில்லு பெயரிங், போல் ஜொயின்ற், ரை றொட், றிம், ரயர் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. அதில் எது நலிந்ததோ அதுதான் உங்களுடைய எல்லை.

எதைப் போடலாம் என்றால், எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

வண்டி வாங்க முதலே யோசிக்கிறவர் என்றால், ஃபக்ரரியிலேயே பிளவ்வுக்கென்று ஆயத்தம் செய்த வண்டியாகப் பாருங்கோ. ஜி.எம். வண்டிகளில் வி.வை.யு. என்ற குறியீடு. ஃபோர்ட் சூப்பர் டியூட்டியில் ஸ்னோ பிளவ் பிரெப் என்று ஒரு பக்கேஜ், அதில் முன்பக்கத்துக்குக் கனமான ஸ்பிரிங் வரும். பழைய வண்டி வாங்கும்போது "முக்கால் டன்தானே" என்ற சொல்லை நம்பாதேயுங்கோ. ஒரே மொடல், ஒரே வருசம், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன் அச்சு இலக்கம் வேறு வேறாக இருக்கும். டீசல் இயந்திரம் பெற்றோல் இயந்திரத்தை விடப் பல நூறு இறாத்தல் கூட. நாலு கதவு வண்டி இன்னும் கூட. பிளவ் பூட்ட முதலே எல்லையைச் சாப்பிட்டு முடித்திருக்கும்.

ஏற்கெனவே வண்டி இருக்கிறது, நிறையும் எல்லைக்குள் இருக்கிறது, மூக்கு மட்டும் பதிகிறது என்றால், நான் முதலில் சொல்வது றப்பர் உதவி ஸ்பிரிங். டிம்ப்ரென் என்று ஒரு கொம்பனியின் பெயரிலேயே இங்கே கேட்பார்கள். பம்ப் ஸ்டொப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டுகிற தடித்த றப்பர். பாரம் வந்து வண்டி இறங்க இறங்க அது தாங்கத் தொடங்கும். கோடையில் பிளவ் இல்லாதபோது ஓட்டத்தை அவ்வளவாகக் கெடுக்காது. காற்றும் இல்லை, குழாயும் இல்லை, கெடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சுருள் ஸ்பிரிங்குக்குள் வைக்கிற காற்றுப் பையும் நல்லதுதான். பாரத்துக்கேற்றபடி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் உப்பிலும் குளிரிலும் அந்தச் சின்னக் குழாய் எங்கேயாவது கசியும். கசிவது எப்போதும் 25 சென்ரிமீற்றர் ஸ்னோ கொட்டுகிற இரவில்தான்.

கனமான ஸ்பிரிங்கையே மாற்றிப் போடுவது, குளிர்காலம் முழுக்க பிளவ்வோடேயே நிற்கிற வண்டிக்கு. அப்படிப் போட்டால் சொக்கையும் அதற்குப் பொருத்தமாகப் போடுங்கோ. பழைய சொக்கால் புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாது. எதைச் செய்தாலும் கடைசியில் அலைன்மென்ற் பார்க்கவேண்டும். உயரம் மாறினால், அதுவும் முன் சில்லுகள் தனித்தனியே அசைகிற வண்டிகளில், சில்லின் சாய்வும் மாறும். புது ரயர் ஒரு பருவத்திலேயே ஒரு பக்கம் வழித்துவிடும்.

இதையெல்லாம் விட மலிவான சாமான் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பின்பாரம். பின் அச்சுக்குப் பின்னால், பெட்டியின் கதவோரம், 500 இறாத்தல் மணல் மூட்டை. பின் அச்சிலிருந்து 2 அடி தள்ளி வைத்தால் அதுவும் ஒரு துலா. இந்த முறை எங்களுக்கு உதவுகிற துலா. முன் அச்சிலிருந்து 83 இறாத்தலை எடுத்துவிடும். பிளவ் கிளப்பிவிட்ட பின் சில்லுகளுக்குப் பிடிப்பும் வரும். 83 பெரிய தொகையா என்று கேட்காதேயுங்கோ, எனக்கு அதுதான் வழியைத் திறந்தது. சொல்லுகிறேன். ஆனால் மூட்டையை நன்றாகக் கட்டுங்கோ. பிளவ் ஒரு மூடியில் இடிபட்டு வண்டி சடாரென்று நின்றால் 500 இறாத்தல் மணல் உங்கள் முதுகுப் பக்கம்தான் வரும். பெட்டியின் முன்பக்கம், கபினோடு ஒட்டி வைக்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். அங்கே வைத்தால் பாரம் கூடுமே தவிர முன் அச்சுக்கு ஒரு ஆறுதலும் இல்லை. பின்பாரமும் வண்டியின் முழு நிறைக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒன்டாரியோவில் வேலைக்கு ஓடுகிற ட்ரக் 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். விதிமுறைகள் வந்துவிடும். முக்கால் டன் வண்டி, பிளவ், மணல், உப்பு மூட்டை எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை.

நான் என்ன செய்தேன்? முன்பக்கம் இரண்டு பக்கமும் மேல் கீழ் போல் ஜொயின்ற் நாலையும் மாற்றினேன். போல்ற்றை அளந்து ஃபக்ரரி உயரத்துக்குத் திரும்ப இறக்கினேன். வி-பிளவ்வை விற்றேன். மனசு கேட்கவில்லைதான், அது நல்ல பிளவ். 690 இறாத்தல் நேர்த்தகடு ஒன்று வாங்கினேன். அதே கணக்கில் 920 கூடும், 3,900ஓடு 4,820. இன்னும் 20 இறாத்தல் கூட. பின்பாரம் வைத்தேன், 83 கழிந்தது, 4,737. இப்போது உள்ளே. பிறகுதான் றப்பர் உதவி ஸ்பிரிங் போட்டேன். வேலை கொஞ்சம் மெதுவாயிற்று, இரண்டு பிளாசாவை விடவேண்டி வந்தது. சவல் பிடிக்க வருகிறவர் பின்னால் வேறு காரில்தான் வருகிறார்.

காகிதக் கணக்கோடு நிற்காதேயுங்கோ. நிறுங்கோ. ட்ரக் ஸ்டொப்களில் இருக்கிற கேட் ஸ்கேல் மாதிரித் தராசுகள் முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாகச் சீட்டு அடித்துத் தரும். பழைய இரும்பு எடுக்கிற இடங்களிலும், கல் மணல் விற்கிற இடங்களிலும் பெரிய தராசு இருக்கும். கேட்டுப் பார்த்து, முன் சில்லை மட்டும் ஏற்றி நிறுக்கலாம். பிளவ் தூக்கியபடி இருக்கவேண்டும், தாங்கி நிறைய எரிபொருள், வழமையாக யார் யார் ஏறுவார்களோ அவர்களும் உள்ளே. அந்தச் சீட்டை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

பூட்ட முதல் பழைய பாகங்களைப் பாருங்கோ. கீழ் போல் ஜொயின்ற் பார்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. ரோர்ஷன் பார் வண்டியில் பாரம் கீழ்க் கையில்தான் விழும். ஜக்கைச் சட்டத்துக்குக் கீழே வைத்தால் குமிழ் இறுகியபடியே நிற்கும், தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. ஜக்கைக் கீழ்க் கைக்கு அடியில், சில்லுக்குக் கிட்ட வைத்துக் கிளப்புங்கோ. ரயருக்குக் கீழே ஒரு பாரைக் கொடுத்து நெம்புங்கோ. மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கோ. கீழே படுக்கிற வேலைக்கு ஜக் ஸ்ராண்ட் இல்லாமல் போகவே வேண்டாம். கிறீஸ் அடிக்கிற மூட்டுகள் இருந்தால் பருவம் தொடங்க முதல் ஒரு தடவை, தைப்பொங்கலோடு இன்னொரு தடவை. எனக்கு அப்படித்தான் நினைவில் நிற்கும்.

ரயர் பற்றி ஒரு வசனம். பக்கத்தில் அச்சடித்திருக்கிற பார இலக்கத்தை இரண்டால் பெருக்குங்கோ. அது தராசுச் சீட்டில் இருக்கிற முன் அச்சு நிறையை விடக் கூட இருக்கவேண்டும். அந்த இலக்கம் முழுக் காற்று இருக்கும்போதுதான். வெப்பநிலை 6 பாகை செல்சியஸ் விழ ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். ஐப்பசியில் அடித்த காற்று தையில் இருக்காது.

இனி ஏஜக்ஸ் தம்பிக்கு. தம்பி, நீங்கள் அனுப்பின ஸ்டிக்கர் படத்தில் முன் அச்சு 3,900. நீங்கள் ஏறி நிறுத்தபோது 3,150 என்று எழுதியிருக்கிறீங்கள். நிறுத்துப் பார்த்ததுக்கே உங்களை மெச்சவேண்டும், நான் அதைச் செய்யவில்லை. வாங்கின பிளவ் 760. மூன்றில் ஒன்றைக் கூட்டினால் 1,013. மொத்தம் 4,163. பின்பாரம் வைத்தாலும் 4,080. நீங்கள் எத்தனை அங்குல ஸ்பேசர் போட்டாலும் அது 4,080தான். அந்தப் பிளவ் உங்கள் வண்டிக்கு இல்லை.

முற்பணம் வாங்கியிருக்கிறீங்கள், எனக்கு விளங்குது. அரை டன் வண்டிகளுக்கென்றே 400 இறாத்தலை ஒட்டிய பிளவ்கள் இருக்கின்றன. 420 என்று வைத்தால் கூடுவது 560. மொத்தம் 3,710. உள்ளே நிற்கும். தகடு கொஞ்சம் மெல்லிசு, பிளாசா அடிக்க உதவாது, ட்ரைவ்வேக்குப் போதும். ஸ்னோ உயர முதல் இரண்டு தரம் போய்வரவேண்டியிருக்கும். வெஸ்டர்ன், ஃபிஷர் போன்ற தயாரிப்பாளர்களின் இணையப் பக்கத்தில் வண்டியின் விபரத்தையும் முன் அச்சு இலக்கத்தையும் கொடுத்தால் எந்த பிளவ் பொருந்தும் என்று காட்டும். உங்கள் வண்டிக்கு ஒன்றும் காட்டாவிட்டால் அதையும் நம்புங்கோ. காப்புறுதிக்காரருக்கும் பிளவ் வேலை செய்யப்போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கோ.

அந்த 8 அடியை விற்க நவம்பரை விட நல்ல மாதம் கிடையாது. முதல் ஸ்னோ விழுந்த அடுத்த நாள் போட்டால் வாங்கின விலையை விடக் கூடவும் கிடைக்கலாம். முக்கால் டன் வைத்திருக்கிற யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் செய்தி போடுங்கோ, தம்பியோடு தொடுத்துவிடுகிறேன். வரேக்கை உங்கட கதவுத் தூண் ஸ்டிக்கரின் படத்தையும் அனுப்புங்கோ.

அடுத்த பகுதியில் உப்புத் தூவுகிற இயந்திரம் பற்றிக் கதைப்போம்.